‘ஜெபித்துச் சொல்கிறோம்’ என்று சொல்லும் வீடுகளுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மே மாதம் வந்துவிட்டால் நாசரேத், மெஞ்ஞானபுரம், சாயர்புரம், பாளையங்கோட்டை என்று எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆலயங்களில் எல்லாம் கல்யாண ஓலை, அதாவது இன்னாருக்கு இன்னார் என்ற அறிவிப்பு, வாசிப்பார்கள். அதற்கு முன்னால் பெண் பார்க்கிற வீடுகளில் ஒரு வார்த்தை தவறாமல் வரும்: “ஜெபித்துச் சொல்கிறோம்.” இதைப் பற்றி எழுத வேண்டும் என்று இரண்டு வருஷமாக மனதில் கிடக்கிறது.

என் மகளைப் பார்க்க ஒரு குடும்பம் வந்தது. முறுக்கு, அதிரசம், காப்பி எல்லாம் ஆச்சு. பையனின் அப்பா எழுந்து நின்று, என் மகளின் பெயரைச் சொல்லியே உருக்கமாக ஜெபம் பண்ணினார். அப்புறம் வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் எத்தனை பவுன் என்ற பேச்சு வந்தது. என்னால் முடிந்ததைச் சொன்னேன். “சரி அண்ணாச்சி, ஜெபித்துச் சொல்கிறோம்” என்றார்கள். பத்து நாள் கழித்துப் போன் வந்தது, ஆண்டவருடைய சித்தம் இல்லை, எங்களுக்கு மனசில் சமாதானம் இல்லை என்று. பவுன் போதவில்லை என்று சொல்லியிருந்தால் எனக்கு மட்டும்தான் வலித்திருக்கும். அடுத்த அறையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை வந்து, “ஆண்டவருக்கே என்னைப் பிடிக்கலையாப்பா?” என்று கேட்டாள். என்ன பதில் சொல்வது?

பத்துக் கட்டளைகளில் கர்த்தருடைய நாமத்தை வீணிலே வழங்காதே என்று இருக்கிறதே, அதை நாம் கெட்ட வார்த்தைக்கும் பொய்ச் சத்தியத்துக்கும் மட்டும் வைத்துக்கொண்டோம். நாமே எடுத்த முடிவுக்கு அவருடைய கையெழுத்தைப் போடுவதும் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இதை வெளியே நின்று சொல்லவில்லை. 1984ல் எனக்குப் பம்பாயில் ஒரு வேலை வந்தது, ஊரிலேயே பள்ளிக்கூட வேலைக்கும் வழி இருந்தது. அம்மா காலண்டர் தாளைக் கிழித்து ‘போகலாம்’, ‘வேண்டாம்’ என்று இரண்டு சீட்டு எழுதி, வேதப்புத்தகத்துக்குள் வைத்து, முழங்காலில் நின்று ஜெபித்துவிட்டு, தங்கச்சியை எடுக்கச் சொன்னார்கள். ‘போகலாம்’ வந்தது. இன்னொரு தடவை பார்ப்போம் என்றார்கள். அப்போதும் ‘போகலாம்’. மூன்றாவது தடவை ‘வேண்டாம்’ வந்ததும் சீட்டை அடுப்பில் போட்டுவிட்டார்கள். நான் ஊரிலேயே இருந்தேன், வாத்தியார் ஆனேன், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தச் சீட்டு எனக்கு நிச்சயம் எதையும் தரவில்லை. முதல் இரண்டு சீட்டை நினைத்தே பல வருஷம் போயிற்று.

சீட்டுக்கும் அடையாளத்துக்கும், பனி தோலில் மட்டும் பெய்யட்டும் என்று கர்த்தரிடம் அடையாளம் கேட்ட கிதியோனின் ஆட்டுத்தோலைக் காட்டுகிறவர்கள் நியாயாதிபதிகள் 6ஆம் அதிகாரத்தை முழுவதும் வாசிக்க வேண்டும். மீதியானியரோடு யுத்தத்துக்குப் போ என்று கர்த்தர் அவனிடம் முன்னமே தெளிவாகச் சொல்லியாயிற்று, தோல் அதற்கப்புறம் அவன் பயத்தில் போட்டது. இரண்டாம் தடவை கேட்கும்போது கோபப்படாதேயும் என்று அவனே கெஞ்சுகிறான். யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்தெடுக்கச் சீஷர்கள் சீட்டுப் போட்டது பெந்தெகொஸ்தே நாளுக்கு முன்னால். ஆவியானவர் வந்த பிறகு அப்போஸ்தலர் நடபடிகளில் அவர்கள் சீட்டுப் போட்டதாக இல்லை. கூடி உட்கார்ந்து பேசி முடிவெடுத்தார்கள்.

இந்த ‘சமாதானம் இல்லை’ என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவருடைய வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாய் விழுந்தது. பிதாவின் சித்தம் எது என்று அவருக்குத் தெரியும், மனசோ வியாகுலத்தில் இருந்தது. பவுல் மக்கெதோனியாவுக்கு அழைப்பு என்று நிச்சயித்துக்கொண்டு போனார், அங்கே பிலிப்பி பட்டணத்தில் அடியும் பட்டு சிறைக்கும் போனார். மனசு லேசாக இருப்பதையும் கதவு தானாகத் திறப்பதையும் மட்டும் சித்தத்துக்கு அடையாளமாக வைத்தால், இவர்கள் இரண்டு பேருமே சித்தத்துக்கு வெளியே நின்றவர்கள் ஆகிவிடுவார்கள்.

டோனாவூரில் பிள்ளைகள் இல்லம் நடத்திய மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மாவை எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. முதலில் ஜப்பான் போனார், அங்கே உடம்பு ஒத்துவரவில்லை. 1895ல் இந்தியா வந்து, நம் சீமையில் மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகச் சுவிசேஷம் சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைகளை வளர்ப்பது அவர் போட்ட திட்டமே இல்லை. 1901ல் பண்ணைவிளையில் இருக்கும்போது, கோயிலுக்கு விடப்பட்டிருந்த ஏழு வயதுப் பெண் பிள்ளை ஒன்று தப்பி ஓடிவந்து அவரிடம் அடைக்கலம் சேர்ந்தது. எதிரே நிற்கிற பிள்ளையை ஏற்றுக்கொண்டார். அப்படி ஆரம்பித்ததுதான் டோனாவூர் வேலை முழுக்க. 1931ல் விழுந்து அடிபட்டு, 1951ல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே கிடந்தார். அந்த இருபது வருஷமும் எழுதிக்கொண்டேதான் இருந்தார்.

தேவசித்தத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே எழுதியே இருக்கிறது. நீங்கள் பரிசுத்தமாக வேண்டும் என்பது சித்தம் என்று தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதுகிறார், எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் செய்வதும் சித்தம் என்கிறார். நியாயம் செய், இரக்கத்தை விரும்பு என்று மீகா தீர்க்கதரிசியின் புத்தகத்தில் இருக்கிறது. பெண் வீட்டாரிடம் பவுன் கேட்கலாமா என்பதற்கு இதற்கு மேல் என்ன வெளிப்பாடு வேண்டும்? தெரிந்த இதைச் செய்துகொண்டே, தெரியாததற்கு ஜெபித்து, நாலு பெரியவர்களைக் கேட்டு, புத்தியையும் பயன்படுத்தி ஒரு முடிவெடுத்தால், தவறினாலும் அவர் கையை விடமாட்டார் என்ற நிச்சயம் இப்போது எனக்கு இருக்கிறது. சீட்டு எடுத்த காலத்தில் அது இல்லை.

ஜெபியுங்கள், கட்டாயம் ஜெபியுங்கள். ஆனால் இந்தக் கல்யாணக் காலத்தில் உங்களுக்குப் பொருத்தம் இல்லை என்று பட்டால், போனை எடுத்து “எங்களுக்கு ஒத்துவரலை அண்ணாச்சி, மன்னிச்சிருங்க” என்று சொல்லிவிடுங்கள். பெண்ணின் அப்பா அதைத் தாங்கிக்கொள்வார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
நாசரேத்.