ஞாயிறு கூட்டம்: இடம் மாறுகிறது

தோழர்களே, வியாசர்பாடி மாடியைக் கல்யாண வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதனால் ஞாயிறு மாலை 5 மணிக்குத் தண்டையார்பேட்டையில், நம் அச்சகத் தோழர் கடைக்கு மேலே கூடுவோம். படிக்கட்டு குறுகல், பார்த்து ஏறுங்கள்.

பேச்சு, இலங்கையில் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் உள்ள செம்மணி பற்றி. அங்கே புதைகுழி இருப்பதை 1998-இல் நீதிமன்றத்தில் சொன்னதே ஒரு இலங்கை ராணுவச் சிப்பாய்தான். 1999-இல் தோண்டியதில் 15 உடல்கள். 2025-இல் அதே பகுதியில் 200-க்கு மேல் எலும்புக்கூடுகள். கூடவே ஒரு பள்ளிக்கூடப் பை, பொம்மை. கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி 20-இல் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு போராட்டத்தில் உட்கார்ந்த தாய்மார் கேட்டதும் பணம் அல்ல, ‘பிள்ளை எங்கே’ என்றுதான்.

காவாங்கரை இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமிலிருந்து ஒரு அக்கா வருகிறார். அவராகப் பேசினால் கேட்போம். தோண்டித் துருவ வேண்டாம். வீடியோவும் வேண்டாம்.

டீ என் செலவு. பஜ்ஜி அவரவர்.