எண்ணூர் நண்டையும் பரிசோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து எண்ணூர் கழிமுகத்தில் பரவியபோது பரிசோதனைக்குத் தண்ணீர் எடுத்தார்கள், சரி, ஆனால் ஒரு பாட்டில் தண்ணீர் அன்றைய நிலவரத்தை மட்டும்தான் சொல்லும். நண்டு அப்படியில்லை. சேற்றிலேயே கிடந்து அங்கேயே தின்பதால் காட்மியம், ஈயம் போன்ற நச்சு உலோகங்கள் எல்லாம் அதன் செவுளிலும் செரிமானச் சுரப்பியிலும் சேர்ந்துகொண்டே வரும் (அந்த நண்டைத்தான் நாம் குழம்பு வைக்கிறோம்). ஐரோப்பாவில் கரை நண்டை வைத்து இந்த ஆய்வைப் பல வருடங்களாகச் செய்கிறார்கள். ஓட்டின் மேல் சின்ன அகச்சிவப்பு சென்சார் ஒட்டி மாசால் இதயத்துடிப்பு மாறுகிறதா என்று கவனிக்கிறார்கள், எண்ணெய் மாசு பட்டதா என்று அதன் சிறுநீரிலேயே பார்த்துவிடுகிறார்கள், நண்டைக் கொல்லக்கூட வேண்டாம்.

இங்கே சேற்று நண்டு இருக்கிறது, அது எந்தப் பொந்தில் இருக்கும் என்று தெரிந்த மீனவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கே கூலி கொடுத்து எண்ணூர், கூவம், அடையாறு முகத்துவாரங்களில் மாதாமாதம் பிடித்துப் பார்க்கலாமே? ஒரே அளவு, ஒரே பால் நண்டாக எடுக்க வேண்டும், ஓடு கழற்றும் சமயத்தில் உலோக அளவு மாறிவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும். அப்புறம் முடிவுகளைத் தமிழில் எழுதி காசிமேட்டிலும் எண்ணூரிலும் ஒட்டுங்கள், இணையத்தில் பிடிஎஃப்பாகப் புதைத்துவிடாதீர்கள்.

ஒரு வாசகர்,
திருவொற்றியூர், சென்னை