ஊசிக்குப் பக்க விளைவே இல்லையாமே!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைவதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதிய டாக்டர், "அந்த ஹார்மோன் ஊசி போட்டால் பழைய தெம்பு வந்துவிடும், பயப்படும்படி பக்க விளைவு எதுவும் இல்லை" என்கிறார். அவருக்கென்ன, எழுதிவிட்டுப் போய்விட்டார்.

என் கணவருக்குச் சர்க்கரை உண்டு, எடையும் அதிகம். எப்போதும் அசதி என்று போனவருக்குச் சாயங்காலம் ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்து, டெஸ்டோஸ்டிரோன் அளவு 300-க்குக் கீழே இருக்கிறது என்று ஊசியை ஆரம்பித்தார்கள். காலை வேளையில், வேறு வேறு நாளில் இரண்டு முறை பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும் என்பது தாங்கள் அறியாததல்ல. குழந்தைக்கு முயற்சி செய்கிறீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தெம்பு வந்தது, மறுக்கவில்லை. முகமெல்லாம் பருவும் வந்தது. பிறகு எடுத்த விந்தணுப் பரிசோதனையில் எண்ணிக்கை பூஜ்யம்.

ஹார்மோன் வெளியிலிருந்து வந்தால், மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி விரைகளைத் தூண்டுவதை நிறுத்திவிடும், விந்தணு உற்பத்தி படுத்துவிடும். இதே மருந்தை ஆண்களுக்கான கருத்தடை ஊசியாக உலக சுகாதார நிறுவனம் சோதித்து, 1990-லேயே முடிவும் வெளியாகிவிட்டது. ஆக, அவர் கருத்தடை ஊசி போட்டுக்கொண்டிருக்க, நான் திருக்கருகாவூர் நெய்யைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்! ஸ்கேன் எனக்கு, மாத்திரை எனக்கு, மாமியாரின் பேச்சும் எனக்கு.

தங்கள் பத்திரிகையும் சளைத்ததல்ல. குழந்தையின்மைச் சிறப்பிதழ் என்றால் அட்டை முதல் கடைசிப் பக்கம் வரை பெண்கள் படம்தான். ஆண்களுக்கு இடம், இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் வைத்தியர் வருகை என்ற விளம்பரத்தில் மட்டும். அதைக் கண்டித்து முன்பே எழுதினேன். இடப் பற்றாக்குறையால் பிரசுரமாகவில்லை போலும்.

இப்போது பார்க்கும் டாக்டர் ஊசியை நிறுத்தி, எடையைக் குறைக்கச் சொல்லி, பிட்யூட்டரியை மறுபடி வேலை செய்யத் தூண்டும் க்ளோமிஃபீன் மாத்திரை கொடுத்திருக்கிறார். அணுக்கள் திரும்ப மாதக்கணக்காகுமாம். அதுவரை என் வயது காத்திருக்குமா?

ஊசியே கூடாது என்று சொல்ல வரவில்லை. விரைகள் பழுதாகியோ, பிட்யூட்டரி கட்டிக்கு ஆபரேஷன் ஆகியோ ஹார்மோன் சுரக்காமல் போனவர்களுக்கு அது தேவைப்படும். அவர்களுக்கும் ரத்தம் கெட்டியாகி ஹீமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 54 சதவீதத்தைத் தாண்டுகிறதா, புராஸ்டேட் சுரப்பிக்கான பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை அளவு ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதே ஹார்மோனை ஊசிக்குப் பதில் ஜெல்லாகத் தோளில் தடவியவர் அந்தத் தோள் பட குழந்தையைத் தூக்கினால் மருந்து குழந்தைக்கும் ஒட்டும். மாரடைப்பு கூடவில்லை என்று 2023-இல் சொன்ன பெரிய ஆய்வே, இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரல் ரத்தக்கட்டும் மருந்தில்லாத வெற்று ஜெல் தடவியவர்களைவிட ஹார்மோன் ஜெல் தடவியவர்களிடம் கூடுதலாக இருந்ததையும் சொன்னது. தங்கள் டாக்டர் முதல் பாதியோடு தூங்கிவிட்டார் போலிருக்கிறது.

நான் கேட்பது ஒரு சின்னப் பெட்டிச் செய்தி. 'குழந்தை வேண்டும் என்றிருப்பவர்கள் இந்த ஊசிக்கு முன் டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்' என்று போட்டால் போதும். ராசிபலனுக்கு அடியில் இடம் இருந்தாலும் சரி. என் பெயரை மட்டும் போட வேண்டாம். மாமியாரும் தங்கள் வாசகிதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திண்டுக்கல்.