முறுக்கிக்கொண்டு நின்றால் போதுமா?

ஆசிரியருக்கு,

அமெரிக்க நாடாளுமன்ற முடக்கம் பற்றிய தலையங்கத்தில், வளைந்து கொடுக்காத தலைவர்களைப் பாராட்டியிருந்தீர்கள். சரி, 2018 டிசம்பரில் எல்லைச் சுவருக்கு 570 கோடி டாலர் கேட்டு டிரம்ப்பும் வளையாமல்தான் நின்றார். நாடாளுமன்றம் அதைத் தர மறுத்ததால், செலவுக்குப் பணம் ஒதுக்கப்படாமல் அரசு 35 நாள் முடங்கியது. விமான நிலையத்தில் நம் பைகளைத் துழாவிப் பார்க்கிற ஊழியர்கள் சம்பளமே இல்லாமல் வேலைக்கு வந்தார்கள். சுவருக்கு ஒரு டாலர்கூட ஒதுக்காமல்தான் அரசு மறுபடி திறந்தது. அப்புறம் எதற்கு அந்த முறுக்கு?

1983இல் அதிபர் ரீகனும் எதிர்க்கட்சிச் சபாநாயகர் டிப் ஓ'நீலும் அரசியலில் கீரியும் பாம்பும்தான். ஆனாலும் ஓய்வூதிய நிதி வற்றப்போகிறது என்றதும் இரு கட்சியும் உட்கார்ந்து பேசின. வரியும் ஏறியது, ஓய்வு வயதும் படிப்படியாக 67 ஆனது. இரண்டு தரப்புக்கும் கசப்பு மருந்துதான், குடித்தார்கள்.

எல்லாவற்றிலும் பேரம் பேச முடியாது, ஒப்புக்கொள்கிறேன். கறுப்பின மக்களின் உரிமையில் பாதியைத் தருகிறேன் என்று யாரும் சொல்லக் கூடாது. ஆனால் 1964 குடிமை உரிமைச் சட்டத்தின்போதும், மேலவையான செனட்டில், பேசிப் பேசியே வாக்கெடுப்பைத் தள்ளிப்போடும் எதிர்ப்பாளர்களின் முட்டுக்கட்டையை உடைக்க 67 வாக்கு வேண்டியிருந்தது. குடியரசுக் கட்சியின் செனட் தலைவர் டர்க்சனோடு சில வாசகங்களைத் திருத்திப் பேசி முடித்த பிறகுதான் 71 வாக்கு விழுந்தது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்