28,000 டால்டன் அருகே ஒரு கோடு

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரங்கள் ஆகிவிட்டன. ஓய்வுபெறும் முன் ஆய்வகத்தைக் காலி செய்துகொடுக்க வேண்டியிருந்ததால் உடனே எழுத இயலவில்லை. முப்பது ஆண்டுகளாக அந்தச் செல் சவ்வில் என்னதான் தேடினாய் என்று கேட்டிருந்தாய். கேலியாகவே கேட்டிருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

பெரும்பகுதி காலம் சிவப்பணுக்களைக் கழுவுவதிலேயே போனது. உப்புக் குறைந்த பஃபர் கரைசலில் இட்டால் அவை உப்பிப் பிளந்து, ஹீமோகுளோபின் வெளியேறி, சவ்வு மட்டும் எஞ்சும். அந்த வெற்றுக் கூடுகளை எங்கள் துறையில் 'கோஸ்ட்', அதாவது பேய், என்போம். என்னைப் பேய் பிடித்தவன் என்று நீ சொல்லிவந்தது பொய்யில்லை. சென்ட்ரிஃபியூஜில் சுழற்றினால் குழாயின் அடியில் வெளிறிய, தளர்ந்த வண்டல் படியும். அதற்கும் கீழே கெட்டியாக ஒரு சிறு பொட்டு ஒட்டியிருக்கும். வெள்ளணுக்களிலிருந்து வந்து புரதங்களைச் சிதைக்கும் என்சைம்கள் அந்தப் பொட்டில் இருப்பதால், குழாயை மெல்லச் சாய்த்து, சவ்வுகளை நகரவிட்டு, பொட்டை மட்டும் உறிஞ்சி எடுக்க வேண்டும். இது கைக்குப் பழக எனக்கு ஓராண்டு பிடித்தது. பிசகினால், புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் தெரியும் கோடுகளில் எது முழுப் புரதம், எது சிதைந்த துண்டு என்று சொல்லவே முடியாது.

அங்கேதான் நான் கோட்டை விட்டேன், இரண்டு பொருளிலும். காலி செய்தபோது அகப்பட்ட பழைய குறிப்பேட்டில், வெள்ளிச் சாயமேற்றிய ஜெல்லின் படத்தில் 28,000 டால்டன் (புரத மூலக்கூறின் எடையளவு) அருகே ஒரு கோடு. பக்கத்தில் என் கையெழுத்தில் 'சிதைந்த துண்டு, விட்டுவிடலாம்'. ஆர்ஹெச் இரத்தவகைப் புரதத்தை ஆராய்ந்த பீட்டர் ஆக்ரேயின் குழுவும் அதே அளவில் கண்ட கோட்டை முதலில் துண்டு என்றே எண்ணியது. வழக்கமான கூமாசி நீலச் சாயத்தில் அது சரியாகத் தெரிவதும் இல்லை. ஆனாலும் அவர்கள் விடவில்லை. செல் சவ்வின் கொழுப்பு அடுக்கின் வழியாகவே நீர் கசிந்துவிடும் என்று பலர் நம்பியிருந்த காலத்தில், அந்தக் கோட்டுக்குரிய புரதத்தை உருவாக்கும் ஆர்என்ஏவைத் தவளையின் முட்டைச் செல்லில் செலுத்தி, நீர்த்த கரைசலில் இட்டார்கள். சில நிமிடங்களில் அது உப்பி வெடித்தது, ஆர்என்ஏ செலுத்தாத முட்டைச் செல்லோ அசையாமல் கிடந்தது. அந்தப் புரதம் சவ்வில் நீரை உள்ளே விடும் வாயில் என்று தெரிந்தது; 1992-இல் வெளியான அந்த ஆய்வின் நீர்வாயில்தான் இன்று அக்குவாபோரின் எனப்படுகிறது. 2003-இல் ஆக்ரேவுக்கு வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

பொறாமையா என்று கேட்பாய். கொஞ்சம் உண்டு. ஆனால் அதே பக்கத்தின் உச்சியில் 'இன்று பொட்டு கலந்துவிட்டது' என்றும் எழுதியிருக்கிறேன். ஆகவே என் கோடு மெய்யாகவே வெறும் துண்டாகவும் இருந்திருக்கலாம். மற்றவற்றை அங்கேயே விட்டுவிட்டு, அந்தக் குறிப்பேட்டை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். முழங்கால் வலி தணிந்ததும் நீ புறப்பட்டு வா, காட்டுகிறேன்.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்