நகரவிடுதி குடிநீர்த் திருப்பணி நிறைவு அறிக்கை

நகரத்தார் புள்ளிகள் (குடும்பங்கள்) அனைவருக்கும் திருப்பணிக் கமிட்டியின் வணக்கம்.

விடுதி ஆழ்குழாய்த் தண்ணீரில் ஈயத்தை நீக்கும் வேலை முடிந்தது. போர்வெல் மேடை, மேல்தொட்டி, அடுப்படிக் குழாய் எல்லாம் நல்லபடியாக நடந்தன. செலவு ஏன் கூடியது, கான்ட்ராக்டருக்குக் கடைசித் தவணையை ஏன் நிறுத்தினீர்கள் என்றுதான் பலரும் கேட்கிறார்கள்.

முதலில், இந்த வேலையே எதற்கு என்று கேட்ட பெரியவர்களுக்கு: ஊரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள்தான் நாம் எல்லாரும். ஆனால் நம் போர்வெல் இருக்கும் பக்கம் முன்பு பழைய ஈயப் பேட்டரி உடைத்த கொட்டகை இருந்தது. தண்ணீரில் கலந்த ஈயத்துக்கு நிறமும் இல்லை, ருசியும் இல்லை. காய்ச்சினாலும் போகாது. இந்தியத் தர அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், நம் தண்ணீர் அதைத் தாண்டியிருந்தது. பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடம்பு 4, 5 மடங்கு ஈயத்தை உறிஞ்சிக்கொள்ளும். முன்னோர் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் பிள்ளைகுட்டிகளோடு வந்து தங்கும் இடத்தில் இதை எப்படி விட்டுவைப்பது?

ஆர்.ஓ. வேண்டாம் என்றது தண்ணீர் வீணாவதால். அதனால் ஈயத்தைப் பிடித்துக்கொள்ளும் ஜியோலைட் என்ற எரிமலைச் சாம்பல் கனிமக் கல்லைத் தேர்ந்தோம்.

இனி தகராறுக்கு வருகிறோம். உப்புக் கரைசலில் ஊறவைத்துப் பக்குவப்படுத்திய கல் என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருந்தது. கான்ட்ராக்டர் பக்குவப்படுத்தாத பச்சைக் கல்லையே கொட்டிவிட்டார். முதல் சோதனை தேறவில்லை. வேலைக் கொட்டகையில் போய்ப் பார்த்தால் உப்பு மூட்டைகள் பிரிக்காமலே கிடக்கின்றன! "கல்லு கல்லுதானே" என்றார். அப்படி இல்லை. அந்தக் கல்லின் நுண்துளைகளில் கால்சியமும் பொட்டாசியமும் ஏற்கெனவே இடம் பிடித்திருக்கும். உப்பில் ஊறினால் அந்த இடத்துக்குச் சோடியம் வரும். ஈயம் வந்தால் சோடியம் சுலபமாக இடம்விடும். நம்முடையது கடின நீர் வேறு. அதிலுள்ள கால்சியமும் ஈயத்தோடு போட்டிக்கு நிற்கும். பச்சைக் கல் எத்தனை நாள் தாங்கும்?

கல்லை அள்ளிவிட்டு மறுபடி நிரப்பச் சொன்னோம். கூடுதல் பணம் கேட்டார், மறுத்தோம். வால்வைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். அப்புறம் நகரப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசியதும், அவர் தன் செலவிலேயே நிரப்பிக் கொடுத்தார். மறு சோதனை தேறியது. ஆனாலும் அடுத்த இரண்டு சோதனைகளும் தேறிய பிறகே கடைசித் தவணை. கமிட்டி இதில் இறங்கி வராது.

செலவு கூடியது இரண்டாவது வடிதொட்டியால். முதல் தொட்டி நிறைந்து ஈயத்தை விட ஆரம்பித்தால் இரண்டாவது பிடித்துக்கொள்ளும். நடுவிலுள்ள குழாயில் தண்ணீர் பிடித்துச் சோதித்தால் எப்போது மாற்ற வேண்டும் என்று முன்கூட்டியே தெரியும். ஒரே தொட்டியோடு நிறுத்தியிருந்தால் ஈயம் அடுப்படிக்கு வந்த பிறகுதான் தெரிந்திருக்கும்.

இந்தக் கல் எல்லாவற்றையும் நீக்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆர்சனிக்குக்கு இரும்பு பூசிய ஊடகம் போல வேறு ஏற்பாடு வேண்டும். நம் தண்ணீரில் அது இல்லை. ஈயம் ஏறிய கல்லையும், அதை உப்பால் கழுவிய நீரையும் ஊரணிப் பக்கம் கொட்டவே கூடாது. அபாயக் கழிவு எடுப்பவரிடம்தான் ஒப்படைக்க வேண்டும்.

தொட்டி இரண்டும் மேலவீதி, வடக்கு வளவுப் புள்ளிகள் உபயம். மோட்டார், மலேசியாவிலிருக்கும் பங்காளிகள். குழாய்கள், தெற்குத் தெரு ஆச்சிமார். சோதனைச் செலவு, பெயர் போட வேண்டாம் என்ற ஒரு பெண் மக்கள் குடும்பம். உப்பு மூட்டைகள், கடைவீதி அண்ணன்மார். அனைவருக்கும் நகரம் கடமைப்பட்டிருக்கிறது.

வரவு செலவு ஏடும் சோதனைச் சீட்டுகளும் காரியக்காரரிடம் இருக்கின்றன. சந்தேகம் உள்ள புள்ளிகள் நேரில் வந்து பார்த்துவிட்டு, நகரக் கூட்டத்தில் கேட்கலாம்.

திருப்பணிக் கமிட்டி