வகுப்பைப் பார்த்து ஆங்கிலப் புத்தகம் கொடுக்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

மாணவர்களின் ஆங்கில வாசிப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாடப்புத்தகத்தைத் தாண்டிப் பிள்ளைகள் ஆங்கிலம் வாசிப்பதில்லை என்ற கவலை எனக்கும் உண்டு. ஆனால் எட்டாம் வகுப்பிலிருந்தே எல்லோரும் தினமும் ஓர் ஆங்கிலத் தலையங்கம் வாசித்தே ஆக வேண்டும் என்று கட்டுரையாளர் சொல்லும் வழியை என்னால் ஏற்க முடியவில்லை. நெடுங்காலமாக ஆங்கிலப் பாடம் நடத்துகிறவள் நான். ஏற்கெனவே தயங்கித் தயங்கி வாசிக்கும் பிள்ளையை இந்த யோசனை ஒரேயடியாக விரட்டிவிடும்.

ஒரு பக்கத்தில் 250 சொற்கள் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 98 சொற்கள் தெரிந்த பிள்ளைக்கு அந்தப் பக்கத்தில் 5 சொற்கள்தான் புதிது. முன்னும் பின்னும் இருப்பதை வைத்து ஊகித்துக்கொண்டு மேலே போய்விடலாம். நூற்றுக்கு 95 என்றால் பக்கத்துக்கு 12, 13 சொற்கள் தெரியாது. யாராவது கூட இருந்து உதவினால் சமாளிக்கலாம். நூற்றுக்கு 90 என்றால் 25 சொற்கள் தெரியாது. ஏறக்குறைய வரிக்கு ஒன்று. ஒவ்வொரு வரியிலும் தடுக்கி விழுந்துகொண்டே யாராவது ஒரு புத்தகத்தை முடிப்பார்களா? பெரியவர்களான நாமே இரண்டாம் பக்கத்தில் மூடி வைத்துவிடுவோம்.

இந்த 98 என்ற எண் சும்மா வந்ததல்ல. ஹூ, நேஷன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரே கதையில் தெரியாத சொற்களின் அளவை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்து 2000-இல் முடிவை வெளியிட்டார்கள். 80 சதவீதச் சொற்கள் மட்டும் தெரிந்த நிலையில் ஒருவருக்குக்கூடக் கதை போதிய அளவு புரியவில்லை. துணையில்லாமல் வாசித்துப் புரிந்துகொள்ள 98 சதவீதம் வேண்டும் என்றார்கள். நாளிதழையும் நாவலையும் அந்த அளவுக்குப் புரிந்து வாசிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று 2006-இல் நேஷன் கணக்கிட்டார். ஒரு சொல்லையும் அதன் பல வடிவங்களையும் சேர்த்து ஒரு குடும்பம் என்று எண்ணும் கணக்கு இது. வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளைகளில் பலர் பள்ளியை முடிக்கும்போது இரண்டாயிரத்தைக்கூடத் தாண்டியிருப்பதில்லை. அவர்கள் கையில் தலையங்கத்தைக் கொடுத்துவிட்டு ஆர்வம் இல்லை என்று குறை சொல்வது நியாயமே இல்லை.

இதில் பெரியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. என் மாணவி ஒருத்தி எரிமலை பற்றிய ஒரு பக்கத்தை எழுந்து நின்று கணீரென்று வாசித்தாள். உச்சரிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது. புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, ‘ஊரை விட்டு ஜனங்கள் ஏன் கிளம்பினார்கள்?’ என்று தமிழிலேயே கேட்டேன். பதில் இல்லை. ‘மலையிலிருந்து என்ன வந்தது?’ என்றேன். அதற்கும் இல்லை. எழுத்தை ஒலியாக்கத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். இவளைச் ‘சரளமாக வாசிக்கிறாள்’ என்று குறித்துக்கொண்டு இதைவிடக் கடினமான புத்தகத்தைக் கொடுத்திருப்பார்கள். கொஞ்சம் எளிய புத்தகத்தோடு உட்கார்ந்தபோது கதையை எனக்கே திருப்பிச் சொன்னாள், நடுவில் தன் கருத்தையும் சேர்த்து.

சரி, புத்தகத்தின் கடினத்தை எப்படி அளப்பது? சூத்திரங்கள் இருக்கின்றன. 1975-இல் அமெரிக்கக் கடற்படைக்காக உருவான ஃபிளெஷ்-கின்கேட் சூத்திரம் வாக்கியத்தின் நீளத்தையும் சொல்லில் உள்ள அசைகளையும் எண்ணும். லெக்சைல் அளவை வாக்கிய நீளத்தோடு, சொல் எவ்வளவு அடிக்கடி புழங்குகிறது என்பதையும் பார்க்கும். முதல் சல்லடையாக இவை உதவும். ஆனால் ‘டெலிவிஷன்’ என்ற நீளமான சொல் எந்தக் குழந்தைக்கும் தெரியும். ‘தி டை இஸ் காஸ்ட்’ (இனிப் பின்வாங்க முடியாது என்று பொருள்) என்ற நான்கு குட்டிச் சொற்கள் கல்லூரி மாணவரையும் நிறுத்திவிடும். அசையை எண்ணும் சூத்திரத்துக்கு இரண்டாவதுதான் சுலபம்.

வாசிக்கிறவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதும் எந்தச் சூத்திரத்திலும் வராது. அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களுக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பகுதியைக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் பேஸ்பால் நன்றாகத் தெரிந்தவர்கள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் அந்த ஆட்டம் தெரியாதவர்களைவிட அதை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். அதனால்தான், புத்தகத்தில் நிலை எண் ஒட்டி, ‘உன் நிலை மூன்று, நான்கைத் தொடாதே’ என்று தடுப்பதும் எனக்குப் பிடிக்காது. கால்பந்துப் பைத்தியமான பையன் கால்பந்து வீரரின் வாழ்க்கை வரலாற்றை எடுத்தால் எடுக்கட்டும். நிலை எண் ஆசிரியரின் குறிப்பேட்டில் இருந்தால் போதும், பிள்ளையின் நெற்றியில் வேண்டாம்.

அப்படியானால் கடினமான பகுதிகளே கூடாதா என்று கேட்பார்கள். வேண்டும், அவற்றுக்கு இடம் வகுப்பறை. ஆசிரியர் பக்கத்தில் இருக்கிறார், சொல்லை விளக்குகிறார், வாக்கியத்தைப் பிரித்துக் காட்டுகிறார்; அங்கே தலையங்கத்தையும் எடுக்கலாம். தனியாக வாசிக்கக் கொடுப்பது மட்டும் சுலபமாக இருக்கட்டும். சில நூறு அடிப்படைச் சொற்களுக்குள் எழுதிய எளிய வாசிப்பு நூல்கள் படிப்படியான நிலைகளில் கிடைக்கின்றன. பதினாலு வயதுப் பிள்ளைக்கு முயல் கதையைக் கொடுத்து அவமானப்படுத்த வேண்டியதில்லை. எளிய ஆங்கிலத்திலேயே துப்பறியும் கதையும் உண்டு, அறிவியலும் உண்டு.

பொருத்தமா என்று பார்க்கக் காசு செலவழிக்க வேண்டாம். பிள்ளையே நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, தெரியாத சொல்லுக்கு ஒரு விரலை மடக்கட்டும். பக்கம் முடியுமுன் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இன்னும் கொஞ்ச நாள் கழித்து. ஆசிரியர்களுக்கு வேறு வழி இருக்கிறது: 1953-இல் வில்சன் டெய்லர் அறிமுகப்படுத்திய குளோஸ் சோதனை. ஒரு பகுதியில் முதல் வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு, அப்புறம் ஒவ்வோர் ஐந்தாவது சொல்லையும் அழித்து நிரப்பச் சொல்ல வேண்டும். ஏறத்தாழ நூற்றுக்கு 40-க்குக் குறைவாகச் சரியான சொல் வந்தால் அந்தப் பகுதி அந்த மாணவருக்கு மிகக் கடினம். 60-ஐத் தாண்டினால் தனியாகவே வாசிக்கக் கொடுக்கலாம். பகுதியைத் தயாரிக்கக் கொஞ்ச நேரம்தான் ஆகும், வகுப்பு முழுவதற்கும் ஒரே பாடவேளையில் நடத்திவிடலாம்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மாணவர் பக்கத்தில் வாரம் ஒரு செய்தியை எளிய ஆங்கிலத்தில் ஒரு முறை, நடுத்தரமாக ஒரு முறை, நாளிதழில் வருகிற நடையில் ஒரு முறை என்று மூன்று விதமாக எழுதி வெளியிடுங்கள். நிலை எண் எதுவும் போட வேண்டாம். முதலாவதை முடித்த பிள்ளைக்குச் செய்தி என்னவென்று தெரிந்துவிடும். அந்தத் துணிச்சலில் அடுத்ததைத் தானே எட்டிப் பார்க்கும். எழுதித் தர ஆள் வேண்டுமென்றால் நான் தயாராக இருக்கிறேன், என்னைப் போன்ற ஆசிரியர்கள் இன்னும் பலரும் முன்வருவார்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆங்கில ஆசிரியை